மாமா அட் வீடு

எங்கள் வீட்டில் ‘மாமா’ என்று யார் கூப்பிட்டாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு மாமா என்றால் என் அப்பா. அவர் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான் கூப்பிடுவாள். என் மாமாவும் அப்பாவை மாமா என்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், என் மாமாவை மாமா என்று கூப்பிட வீட்டில் இருந்த ஒரே ஆள் நான்தான்.

அவர் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கடலூரிலிருந்து எங்கள் சிதம்பரம் வீட்டுக்கு வந்து தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில், மெயில் சர்வர் வைத்துப் பழக்கம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதற்கென்ன, வீட்டிலேயே ஒன்று வைத்துப் பழகிவிடுவோம் என்று, அப்பாவின் எலக்ட்ரிகல் கடையில் தூசு தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து ஹாலில் வைத்தார். இதில் போடும் மெயில் நம் வீட்டு வைஃபையைத் தாண்டாது, பழகுவதற்கு அது போதும் என்று எனக்கு விளக்கினார். ஐந்தாம் வகுப்புக் காதில் அதெல்லாம் ஏறவில்லை. எங்கள் வீட்டுக்குத் தபால் ஆபீஸ் வந்துவிட்டது என்ற பெருமை மட்டும் ஏறியது.

முதலில் எல்லோருக்கும் பெயரிலேயே முகவரி கொடுத்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா, விரலாலும் தட்ட மாட்டேன் என்றுவிட்டாள். சரி, முறை வைத்தே தருகிறேன் என்று அப்பா அட் வீடு, அம்மா அட் வீடு, பாப்பா அட் வீடு என்று மாற்றினார். மாமா அட் வீடு அவருக்கு. நான் கூப்பிடுகிற மாதிரியே வீட்டில் எல்லோருக்கும் பெயர் வைத்ததில் எனக்குப் பரம திருப்தி. அப்பா அம்மா போன்களிலும் இந்த மெயிலை மாமாவே ஏற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு காபி ரெடி என்பதுகூட மெயிலில்தான் வந்தது. அடுப்படிக்கும் ஹாலுக்கும் பத்தடி இருந்தால் அதிகம்.

சர்வரை அணைக்கக் கூடாது. ஹாலில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட். எலக்ட்ரிகல் கடைக்காரர் வீட்டு லட்சணம் அது. அதில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மாமா யாரிடமும் சொல்லாமல் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு சர்வரைச் சொருகினார். ஃப்ரிட்ஜுக்குள் அப்பா பிச்சாவரத்துப் பக்கம் போய் ஆசை ஆசையாக வாங்கிவந்த இறால் இருந்தது. மறுநாள் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

“வேல வெட்டி இல்லாதவன், வூட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு வூட்டுக்குள்ளயே மெயில் போட்டுகிட்டு கெடக்கறான்” என்றார் அப்பா. “என் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் அம்மா. அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதன்பின் அம்மா பக்கத்தில் நிற்கும்போதே, “பாப்பா, துண்டு எங்கன்னு உங்கம்மாவ கேளு” என்பார் அப்பா. சர்வரைவிட எனக்குத்தான் வேலை ஜாஸ்தி.

ஒருநாள் மத்தியானம் மாமா சர்வரைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியது அம்மா. நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

“மாமா, நீங்க பேசாம இருக்கறதுல எனக்கு சோறு எறங்கல. தம்பிய ஊருக்கே அனுப்பிடறேன். அவன் மனசு நோவாம நானே சொல்லிக்கறேன்.”

வாட்ஸாப்பில் போட்டால் நீலக்கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் அவமானம் என்று மெயிலில் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. அப்பா அட் வீடு என்று போட அவள் கை எப்படிப் போகும்? அவளுடைய அப்பா கடலூரில் இருக்கிறார்.

எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. மாமா என்று எழுதியிருக்கிறது, மாமாவுக்கு வந்திருக்கிறது. நான் தம்பி என்று கூப்பிட்டது பக்கத்து வீட்டுப் பையனை மட்டும்தான். “எந்தத் தம்பி மாமா? பக்கத்து வூட்டுத் தம்பியா?” என்று கேட்டேன்.

மாமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆமா பாப்பா. அவன் சேட்ட தாங்கல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்காக இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு கீபோர்டில் ஏதோ தட்டினார். உள்ளே சாப்பிட்டுப் படுத்திருந்த அப்பாவின் போன் ‘டிங்’ என்றது. இன்று நானும் சர்வர்களோடு மாரடித்துத்தான் சம்பாதிக்கிறேன். அவர் செய்தது இப்போது தெரிகிறது. மாமா என்ற முகவரியை அப்பாவின் போனுக்குத் திருப்பிவிட்டு, அதே மெயிலை மறுபடியும் அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம், கடலூரில் ஒரு இன்டர்வியூ என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, “ரசத்துல உப்பு கம்மி” என்று அப்பா அம்மாவிடமே நேராகச் சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை நகர்த்தினாள். அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதாள். என் வேலையும் போயிற்று, மாமாவும் போய்விட்டார். எனக்கு வீடே பிடிக்கவில்லை.

மறுநாள் ஹால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மாமா அட் வீடு என்று போட்டு எழுதினேன். “மாமா, தம்பி இன்னும் பக்கத்து வூட்லதான் இருக்கான். அம்மா அவன அனுப்பவே இல்ல. நீங்க ஏன் அம்மா மெயில பாத்து அழுதீங்க? ஏன் போயிட்டீங்க? வாங்க மாமா.”

அன்று அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார். அம்மா வைத்த காபி ஆடை கட்டிப்போனது. மறுநாள் காலை, கடையைத் திறக்காமல் கடலூர் பஸ் ஏறினார்.

சாயங்காலம் இருவரும் வந்து இறங்கினார்கள். மாமாவின் பை அப்பாவின் தோளில் தொங்கியது. “வா மச்சான், மொதல்ல ஃப்ரிட்ஜுக்குத் தனியா ஒரு பாயிண்ட் இழுப்போம்” என்றார் அப்பா. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் ஓடிப்போய், “மாமா, என் மெயில் கெடச்சுதா?” என்று கேட்டேன்.

மாமா விழித்தார். அப்பா என் தலையில் கைவைத்து, “கெடச்சுது பாப்பா” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “நீங்க ஏம்பா நடுவுல வர்றீங்க, நான் மாமாவ இல்ல கேட்டேன்” என்று அவர் கையைத் தட்டிவிட்டேன்.