வெள்ளியல்லாத நாளில் அக்கா வந்தால்

மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் அது. பிடி நெளிந்திருந்ததால், தூக்கிக்கொண்டு நடக்கும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். சலாலாவில் எங்கள் பணியாளர் குடியிருப்பின் நீண்ட வராந்தாவில் வெள்ளிக்கிழமை அந்தச் சத்தம் கேட்டால் எல்லா அறைக் கதவுகளும் திறக்கும். வேறு கிழமையில் கேட்டால், திறந்திருந்த கதவுகளும் சாத்திக்கொள்ளும். எந்த வாசலில் அது நிற்கப்போகிறதோ என்று உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

சலாலா ஓமானின் தெற்குக் கரையில் இருக்கிறது. வளைகுடா முழுக்க வெயிலில் வேகும் மாதங்களில் அங்கே மட்டும் தூறல் விழும். அதில் நனைவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மழை வந்தால் பாத்தி கரைந்துவிடுமே என்று வானத்தைத் திட்டும் வீட்டில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கடலைப் பார்த்த அந்தப் பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று, "நாளை மழை பெய்யுமா?" என்று ஆசையோடு கேட்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல. இன்றும் அது குறையவில்லை.

அங்கே தனியாக இருக்க நேரமே கிடைக்காது. யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது வழியனுப்பு விழா, ஊரில் யாருக்கோ குழந்தை பிறந்ததற்கு இங்கே கேக். ட்யூட்டி முடிந்தால் சாலையோர வாழைத்தோப்புக் கடைகளில் இளநீர், கடற்கரையில் பாட்டு, செல்ஃபி. வாசல் தாண்டினால் "எங்கடி போற?" என்று கேட்கப்பட்டே வளர்ந்தவளுக்கு இதெல்லாம் திகட்டாத விருந்தாக இருந்தது. அந்த விருந்துக்கெல்லாம் நடுவில் அக்கா இருந்தார். மரக்காணத்துக்குப் பக்கத்து ஊரான அனுமந்தையின் மீனவக் குடும்பத்துப் பெண். எங்கள் மெஸ்ஸில் சமையல். வெள்ளிக்கிழமை மதியம் தமிழ்க்காரர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சோறு போடுவார். "துன்னுங்கடி, இங்க இன்னா மாமியாரா பாத்துங்கிறா?" என்று கிண்டல் செய்துகொண்டே பரிமாறுவார்.

ஊரிலிருந்த எங்கள் வீட்டார் எல்லோரிடமும் அக்காவின் நம்பர் இருந்தது. ஒரு சாவு விழுந்தால், பிள்ளைக்கு நேரே போன் போட மாட்டார்கள்; அக்காவுக்குத்தான் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால், பிணத்தை எடுக்கிற வரைக்கும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டோம். சலாலாவிலிருந்தோ டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி, வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகுமோ தெரியாது. அதனால் அக்கா கேரியரோடு வருவார். "மொதல்ல சாப்டு" என்பார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொல்வார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஏமாற்றிச் சோறூட்டுவது போலப் பட்டது. படித்தவர்களாக இருந்தால் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று அறைத்தோழியிடம் வாதாடியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவின் அம்மா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீசன் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "எங்கம்மா புடிவாதக்காரி. நான் போற வரிக்கும் இருப்பா பாரு" என்று சொல்லிச் சொல்லியே அக்கா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். தினமும் வானத்தைப் பார்ப்பார். மழை எப்போது விடும் என்று அந்த ஊரில் ஏங்கியது அவர் ஒருவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. அக்காவின் தம்பி. அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி என் நம்பரை அக்காவே அவரிடம் கொடுத்திருந்தார். "அம்மா போய்ட்டாங்க பாப்பா. எங்களால அக்காகிட்ட சொல்ல முடியாது. நீ படிச்ச பொண்ணு, பக்குவமா சொல்லிடு" என்று அழுதார்.

நேராகச் சொல்லிவிடுவது என்று வெறுங்கையோடு மெஸ்ஸுக்குப் போனேன். மதியப் பந்தி முடிந்து அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, ட்யூட்டி இல்லியா? மூஞ்சி ஏன் இப்டி சுருங்கிக் கெடக்குது? பசியா?" நான் வாயெடுப்பதற்குள் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு மத்திக் குழம்பை ஊற்றினார். "அக்கா, வந்து..." என்றேன். "எதுவா இருந்தாலும் மொதல்ல சாப்டு."

சாப்பிட்டேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. "இன்னாடி பேச்சே காணோம்? உப்பளத்துக்காரிக்கு உப்பு பத்தலியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டி நின்றது. என்னைப் பார்த்தார். நான் வந்த வாசலைப் பார்த்தார். இன்னொரு தட்டை எடுத்து, வழக்கமாகச் சாப்பிடுவதைவிட அதிகமாகவே சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மறுபடி சோறு போட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். அவ்வளவு மெதுவாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"ம். இப்ப சொல்லு."

அக்கா ஊர் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் சில வாரம் நடந்து நின்றுபோனது. ஊர்களிலிருந்து போன்கள் எனக்கு வரத் தொடங்கின. அந்த வராந்தாவில் என்னைக் கண்டும் கதவுகள் சாத்தப்பட்டன. வெறுங்கையோடு நான் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து மரக்காணம் வந்துவிட்டேன். இங்கே பார்ட்டி இல்லை, கேக் இல்லை. போன வாரம் ஒரு காலை, இருட்டோடு அப்பாவுடன் அளத்துக்குப் போன அம்மா வெயில் ஏறுவதற்குள்ளேயே தனியாகத் திரும்பி வந்தாள். அப்படி வருகிறவள் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். "மொதல்ல சாப்டு. அப்புறம் சொல்றேன்."

"அப்பா எங்கம்மா?"

"அளத்துலதான் இருக்காரு. எங்க போவாரு?"

"சத்தியமா?"

"இன்னாடி ஆச்சு உனக்கு? விடியக்காத்தால அங்க பேஞ்ச மழையில வாரி வச்ச உப்பு பூரா கரைஞ்சி ஓடிடுச்சி. பாத்திய மறுபடியும் மொதல்லேர்ந்து மிதிக்கணும். அதான்."

என்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். அம்மா கரண்டியை ணங்கென்று வைத்தாள். "வயித்துல மண்ணு வுழுந்திருக்குது, இவ சிரிக்கிறா பாரு. இதுக்குத்தான் படிக்க வச்சமா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.