எனக்கு அடிக்காத மணி

மச்சாள் வீட்டு மேசையில் ஒரு பழைய சைக்கிள் மணி இருக்கிறது. சைக்கிள் எப்போதோ போய்விட்டது. மணியை மட்டும் ஒரு பலகைத் துண்டில் பூட்டி வைத்திருக்கிறாள். என் மகளை அவளுடைய ஆங்கில வகுப்பில் விடப் போகும் மாலைகளில் அது கண்ணில் படும். பட்டதும் வயிறு எரியும். நானும் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன்தான். ஆனால் என்னிடம் படிக்கவே மாட்டேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு துருப்பிடித்த மணியைப் பார்த்து இந்த வயதில் பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான்.

அந்த மணி எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியருடையது; எங்களுக்கு அவர் சேர். செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாக இருந்த அவருடைய ரியூசன் கொட்டிலில் நானும் மாமாவின் மகளான மச்சாளும் ஒன்றாகப் படித்தோம். இலக்கணப் பயிற்சியை சேர் எழுத விடமாட்டார். எழும்பி நின்று வாயால் சொல்ல வேண்டும். வாக்கியம் பிழைத்தால் மேசையிலிருந்த அந்த மணியை அடிப்பார். "மறுகா சொல்லு புள்ள" என்பார். சரி வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு அது ஒருநாளும் அடித்ததில்லை. எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, காலம் சரியா என்று மனதுக்குள் கழுவித் துடைத்த பிறகே எழும்புவேன். சின்னதாக ஒன்று சொல்வேன். "சரி, இரி" என்பார் சேர். அவ்வளவுதான். மச்சாள் எழும்பினால் கொட்டிலே நிமிர்ந்து உட்காரும். மாமாவின் வலையில் விழுந்த நண்டு, குசினி அடுப்படியில் புகுந்த பாம்பு, அம்மன் கோயில் சடங்கில் தொலைந்த செருப்பு என்று வாயில் வந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் அள்ளிக் கொட்டுவாள். நேற்றும் நாளையும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்ளும். மணி ஓயாது. அவள் சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நண்டுக்கு என்ன ஆனது என்று கேட்க சேர் தான் உட்கார்ந்திருந்த கதிரையை முன்னால் இழுத்துப் போடுவார். எனக்காக அவர் ஒருநாளும் கதிரையை இழுத்ததில்லை.

ஒருமுறை பொறுக்க முடியாமல், "என்னிட்ட மட்டும் ஏன் சேர் ஒண்டும் கேக்கிறல்ல?" என்றேன்.

"நீதான் பிழையே விடுறல்லயே மனே" என்றார். அதைப் பாராட்டு என்றுதான் வீட்டில் சொன்னேன்.

பரீட்சையில் நானே முதல். பாடசாலை வேலையும் கிடைத்தது. மச்சாள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பல வருடம் இருந்தாள். வந்த வெள்ளைக்காரரெல்லாம் அவளிடம் குடும்பக் கதை சொல்லிவிட்டுப் போவார்களாம். பிறகு ஊரோடு வந்து வகுப்பு தொடங்கினாள். சேர் வெளிநாட்டிலுள்ள மகளிடம் புறப்பட்டபோது வழியனுப்பப் போனேன். மணி எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வேறு யாருக்குக் கொடுப்பார்? மேசை வெறுமையாக இருந்தது.

"மணிய உன்ட மச்சாளுக்குக் குடுத்திட்டன்" என்றார் சேர். "அவளுக்குத்தான் அதுட சத்தம் நல்லாத் தெரியும்."

போன கிழமை மகளைக் கூட்டிவரப் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே இருக்கச் சொன்னாள் மச்சாள். மகள் எழும்பி எங்கள் வீட்டுப் பூனையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டில் என் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசாத பிள்ளை.

"மச்சான், நீங்களும் ஒண்டு சொல்லுங்க" என்றாள் மச்சாள், மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு.

எழும்பினேன். இன்றைக்கு ஒரு பிழை விட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். நாக்கு வளையவில்லை. மழை சீக்கிரம் விட்டுவிடும் என்று சின்னதாக, சுத்தமாக, ஒரு வாக்கியம் வந்து விழுந்தது.

மச்சாள் விரலை எடுத்தாள். "சரி, இரிங்க" என்றாள்.

பிறகு மகளின் பக்கம் திரும்பி, பூனைக்கு என்ன ஆனது என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே கதிரையை முன்னால் இழுத்துப் போட்டாள்.