போனில் நான் சொன்ன சந்தோஷச் செய்தி

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அப்போது நான் சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சி மாணவி. புண் ஆறும்போது அளவோடு வளர்ந்து நின்றுவிடுகிற சதை, புற்றில் மட்டும் ஏன் நிற்காமல் வளர்கிறது என்பதுதான் என் ஆய்வு.

நான் தேடிப்போன அக்கா, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். கன்னத்தில் வந்த புற்றுக்கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து, முன்கைச் சதையை வைத்து மூடியிருந்தார்கள். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தரச் சம்மதித்திருந்தார். ஆனால் மூன்று மாதமாகப் பரிசோதனைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் கவலைப்படவே, நானே கிளம்பினேன்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் உள்ளே கூட்டிப்போனார். அக்கா பாதியாக இளைத்திருந்தார். அவர் தட்டும் டம்ளரும் தனியாக ஓர் ஓரத்தில் இருந்தன.

“ஏங்க்கா செக்கப்புக்கு வரல?”

“வந்து இன்னா ஆவப்போவுது? நீதானம்மா சொன்ன, நல்லா வளந்துகினு கீதுன்னு. சிரிச்சிகினே சொன்ன.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டியிலிருந்து பிரித்த செல்கள் லேபில் பிழைப்பதே கஷ்டம். அவருடையது பிழைத்துக்கொண்ட பூரிப்பில், “அக்கா, உங்க செல் நல்லா வளருது!” என்று போன் பண்ணிச் சொன்னவள் நான்தான். அவரோ, தன் உடம்புக்குள் நோய் வளர்கிறது என்று நினைத்துவிட்டார்.

“கொயந்தைங்களுக்கு ஒட்டிக்குமோன்னு வேலைக்கும் போவல,” என்றார் வீட்டுக்காரர்.

தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். புற்று யாருக்கும் ஒட்டாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, புண் நன்றாக ஆறியிருக்கிறது, நோய் திரும்பியதற்கு அறிகுறி எதுவும் இல்லை என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “லேபுல வளக்கறியே, அத்த நான் பாக்கணும்.”

லேபுக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இத்த இன்னாத்துக்கு வளக்கற?”

“எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பாக்கத்தாங்க்கா.”

“அப்போ நல்லா வளத்து, நல்லா சாவடி!” என்றவர், தையல் போட்ட கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார். நான்தான் அழுதுவிட்டேன்.

அடுத்த வாரமே அவர் சமையலுக்குத் திரும்பிவிட்டார். நான் இப்போதெல்லாம் யாரிடமும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை. “நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க,” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். என் வாயிலிருந்து சந்தோஷமாக வந்த ஒரே ஒரு வார்த்தை, ஒரு மனுஷியை மூன்று மாதம் சாவுக்குக் காத்திருக்க வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.