நினைவகத்தைத் தின்றவர்

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் கம்ப்யூட்டர் அம்மா. எதையும் ஒருமுறை பார்த்தால் அவளுக்குப் போதாது. அடுப்பில் பால் வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். "நீ பாக்குறதுக்குப் பயந்தே அது பொங்க மாட்டேங்குதும்மா" என்பாள் மகள். இப்படிப்பட்டவளிடம் சர்வரை ஒப்படைத்தது நிர்வாகம் செய்த இரண்டு புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. மற்றது எதுவென்று இன்னும் தெரியவில்லை.

அன்று காலை சர்வர் திணறியது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வன்வட்டில் பதியாமல் நினைவகத்திலேயே வரிசையில் நின்றன. நினைவகம் நிரம்பினால், ஓடும் புரோகிராம்களில் எதையாவது சர்வரே கொன்றுபோடும். பெரும்பாலும் இருப்பதிலேயே பெரியதை. முடிவுகள் போனால் எல்லாரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

போனில் லேப்காரி. "அக்கா, ஒரு பச்சக் குழந்தைக்கு நரம்பே கெடைக்காம குத்திக் குத்தி எடுத்தோம். மறுபடி எடுக்கணும்னா அவங்கம்மா என்னையக் குத்திருவாங்க."

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். ஓடும் புரோகிராம்கள், தின்னும் அளவுப்படி வரிசையாக இறங்கின.

"மேல நிக்குதே தடியன், டேட்டாபேஸு. அதத் தூக்குங்கம்மா" என்றார் முதுகுக்குப் பின்னால் நின்ற மேனேஜர்.

"சோத்துப் பானைய ஒடைக்கச் சொல்றீங்க சார். முடிவெல்லாம் அதுக்குள்ளதான்."

தடியன் இருந்த அளவிலேயே இருந்தான்; மிச்ச நினைவகமோ கரைந்துகொண்டிருந்தது. தின்பது வேறு யாரோ. கீழே இறங்கினாள். ஒரே பெயர், பொடிப் பொடியாக, வரிக்கு வரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து சேர்ந்தது.

பெயரைப் படித்தாள். அவளே எழுதிய புரோகிராம். நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, நினைவக நிலவரத்தை அவளுக்கு மெயில் அனுப்பிவிட்டுப் போக வேண்டியது. மெயில் சர்வர் காலையிலேயே படுத்துவிட்டதால், நிமிடத்துக்கு ஒன்றாக எழுந்தவை எல்லாம் மெயிலை அனுப்ப வழியின்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டன.

முதலில் புதிதாக எதுவும் எழாமல் நிறுத்தினாள். பிறகு, அந்தப் பெயருள்ள அத்தனையையும் கொல்லும் கட்டளை. பாதிப் பெயரைத் தட்டினாலும் கேட்கும். ஆனால் லேப் புரோகிராமின் பெயரும் அதே எழுத்துகளில்தான் தொடங்கும்; அதுவும் சேர்ந்து சாகும். முழுதாகத் தட்டி, எழுத்தெழுத்தாகப் படித்து, விரலை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் அசையவில்லை. பிறகு வரிகள் கொத்தாக மறைந்தன.

"வந்துருச்சுக்கா. குழந்தையோடதும் வந்துருச்சு" என்றாள் போனில் லேப்காரி.

மேனேஜர் மூச்சு விட்டார். "யாரோட வேலைம்மா இது?"

"என்னோடதுதான் சார்."

"நிமிஷத்துக்கு ஒரு மெயிலா? அத்தனையும் படிப்பீங்களா?"

"படிக்க மாட்டேன் சார். வந்துட்டிருந்தா போதும்."

"இன்னைக்குக் காலைலேர்ந்து வரவே இல்லையே."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "குழந்தைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று லேப்காரியைக் கேட்டாள்.