‘கால்’ என்று சொன்ன பதில்

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க என் பெண்ணுக்கு ஒரு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். அதில் அவளுக்குப் பூஜ்யம் போட்டதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஈர்ப்பு விசையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கணவரின் துறைமுக வேலை மாற்றலாகி கொல்கத்தா வந்தவர்கள் நாங்கள். நான் படித்ததெல்லாம் திருநெல்வேலியில், தமிழ் வழியில். ஜாதவ்பூர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே கேட்பேன்.

“ஒரு பொருளோட நிறையை ரெண்டு மடங்காக்கினா விசை?”

“ரெண்டு மடங்கு.”

“தூரத்தை ரெண்டு மடங்காக்கினா?”

“கால்.”

“மூணு மடங்காக்கினா?”

“ஒன்பதுல ஒண்ணு.”

பாதி என்று ஒருநாளும் உளறியதில்லை. தூரத்தை வர்க்கப்படுத்த வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

தேர்விலும் டீச்சர் அதே தூரக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். பழக்கதோஷம், இவள் “கால்” என்றிருக்கிறாள். வங்காள மொழியில் கால் என்றால் நாளை. மகாராணி பதிலை நாளைக்குத்தான் சொல்வாளாம் என்று டீச்சர் கேலி செய்திருக்கிறார். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். இவள் வாயைத் திறந்து திருத்துவதற்குள் பூஜ்யம் போட்டு, காமர்ஸ் எடுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவளையும் இழுத்துக்கொண்டு பாலிகஞ்சில் இருக்கும் அந்தப் பள்ளிக்குப் போனேன். என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். “இது வங்காளம், மேடம்” என்றார் டீச்சர். வந்ததே எனக்குக் கோபம். ஈர்ப்பு விசைக்கு வங்காளம், தமிழ்நாடு என்று உண்டா, ஒரே ஒரு கேள்வி திரும்பக் கேளுங்கள், தெரியாவிட்டால் காமர்ஸ் பாரத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை அவளிடம் கேட்டார்: இரண்டு நிறைகளையும் இரட்டிப்பாக்கி, தூரத்தையும் இரட்டிப்பாக்கினால்? அவள் யோசிக்கவே இல்லை. நிறைகளால் விசை நான்கு மடங்காகும், தூரத்தால் நான்கில் ஒன்றாகும், ஆகவே மாறாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கேயே அறிவியல் பிரிவில் இடம் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜெயித்த பெருமையில் இருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “அம்மா, இனிமே எனக்குத் தமிழ்ல சொல்லித்தராத, ப்ளீஸ்.”

டீச்சரிடம் சண்டை போட்ட வாயால் “சரி” என்றேன். எனக்கு இயற்பியல் தமிழில் மட்டும்தான் தெரியும்.