பாதியில் வந்த அலை

காரைக்காலில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சராகச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நற்செய்திக் கூட்டம் எங்கே நடந்தாலும் பஸ் ஏறிப் போய்விடுவேன். கடைசியில் பிரசங்கியார், "இன்றைக்கு இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பார். தூக்குவேன். நாகப்பட்டினத்தில் தூக்கினேன். தரங்கம்பாடியில் தூக்கினேன். மாயவரத்தில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை தூக்கினேன். இரண்டாம் தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நேத்தே தூக்கினியே பாப்பா?" என்று கேட்டார்கள். கை வலிக்கிறது என்று ஏதோ உளறி வைத்தேன்.

போன தடவை தூக்கியது செல்லுமா என்ற சந்தேகம்தான் காரணம். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கோபத்தில் திட்டிவிட்டால் போதும், ரட்சிப்பு போயேபோய்விட்டது என்று தோன்றும். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "ஆத்துமா எங்க போச்சோ, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தாள். அன்றைக்கு வயிற்றுக்குள் விழுந்த கல் அது.

அப்பா கத்தோலிக்கர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் எங்கள் வீடுதான். "பொறந்த பதினஞ்சாம் நாளே உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சு. நீ அழுத அழுகையில சாமியாரே பயந்துட்டார். இன்னும் என்ன வேணும்?" என்பார். எனக்கு வேண்டும்தான். கீற்றுக் கொட்டகையில் நடந்த ஒரு சின்ன ஜெபவீட்டில் சேர்ந்தேன். முங்கி எடுக்கிற ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பாஸ்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். கோடையில் அரசலாறு வெறும் மணலாகக் கிடந்ததால் காரைக்கால்மேட்டுக் கடலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். கடலைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மீன்கார அக்கா. எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டுவருகிறவள்தான். அவளுக்கு முதலில் முடிந்தது. கரையேறச் சொன்னார் பாஸ்டர். "இருக்கட்டும் ஐயா, டீச்சருக்கும் ஆகட்டும்" என்று எனக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டாள்.

பாஸ்டர் ஒரு கையால் என் கூப்பிய கைகளையும் மறுகையால் முதுகையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "பிதா, குமாரன்..." என்றார். அவ்வளவுதான். பனைமர உயரம் என்று எனக்குத் தோன்றிய ஓர் அலை எங்கள் மேல் விழுந்தது. காதில் மூக்கில் எல்லாம் மணல். கால் மேலே போனதா தலை மேலே போனதா தெரியவில்லை. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், ஒரு கையில் நான், மறுகையில் சட்டைக் காலரோடு பாஸ்டர். நடுவில் அக்கா, இரண்டு பெரிய மீனைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி நிற்கிறாள். கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் கஞ்சிராவைத் தட்டி "அல்லேலூயா!" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல ஊத்தினது நல்ல தண்ணி. இது உப்புத் தண்ணியா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பெயரையும் சொல்லித்தான் முக்க வேண்டும்; 'பரிசுத்த ஆவி' என்ற வார்த்தை விட்டுப்போய்விட்டதே! நான் டீச்சர். பாதி விடை எழுதினால் பாதி மார்க்குதான் போடுவேன். மறுநாளே பாஸ்டரிடம் ஓடினேன்.

"ஐயா, நேத்து முழுசாச் சொன்னீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அதுதாம்மா எனக்கும் ஞாபகம் இல்ல. உப்புத் தண்ணி வாய்க்குள்ள போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கு." பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா, ஆத்துல தண்ணி வரட்டும். இன்னொரு தடவை வச்சுக்கலாம்."

ஆற்றில் தண்ணீர் வர வேண்டுமென்றால் மேட்டூர் அணையைத் திறக்க வேண்டும். திறந்தாலும் கடைமடையான எங்கள் ஊருக்கு அது ஆடி அசைந்து வந்து சேர நாளாகும். அதற்குள் நான் செத்துப்போனால்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடமாடினேன். சைக்கிளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். தென்னை மரத்தடியில் நிற்க மாட்டேன். மீனில் முள் இருக்கும் என்று மீனையே நிறுத்திவிட்டேன்.

அதுதான் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடையை எங்கள் வாசலில் இறக்கினாள். முங்கி எழுந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் டீச்சர், நாலு வாரமா மீனே வாங்கல? எம்மேல ஏதும் வருத்தமா?"

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கை தூக்கியது, அம்மா இறந்தபோது அந்தப் பொம்பிளை சொன்னது, பாதியில் நின்ற வார்த்தை, முள், தென்னை மரம். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தென்னை மரம் வந்தபோது உதட்டைக் கடித்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"அலை வந்தப்ப நீ யாரைப் புடிச்சிருந்தே?"

"ஐயா கையை. உடனே விட்டுட்டேன்."

"ஐயா?"

"அவரும் என்னை விட்டுட்டார்."

"நான்?"

என் மணிக்கட்டில் ஒரு வாரம் வரைக்கும் அவளுடைய ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"நீ புடிச்சதாலயா வெளிய வந்தே? நான் புடிச்சதால வந்தே. ஒரு மீன்காரி புடியே இம்மாம் புடின்னா, ஆண்டவரு புடி எப்படி இருக்கும்? நீ என்னமோ வழுக்குற கெண்டையாட்டம், இப்ப விழுந்துருவேன், அப்ப விழுந்துருவேன்னு துள்ளுறே. துள்ளு. அவரு விட்டாத்தானே?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, நிசமாவே தென்னை மரத்தடியில நிக்கறதில்லியா?" என்றாள்.

அவளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்தாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வயிற்றுக்குள் என்னவோ இளகியது. மாயவரத்துக் கூட்டத்தில் கை வலிக்கிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். இருவரும் கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். காக்கை ஒன்று வந்து ஒரு சங்கரா மீனைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கும் சிரித்தோம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

யாரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு தம்முடைய ஆடுகளைப் பற்றிச் சொன்ன இடத்தை அன்றைக்கு வேதாகமத்தில் எடுத்துப் படித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த இடம்தான். ஆனால் இத்தனை வருஷமும் அதில் ஆடு என்ன செய்ய வேண்டும் என்றே தேடியிருக்கிறேன். ஆட்டுக்கு அங்கே வேலை ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அது அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். நெரவி ரோட்டில், காய்ந்த வயல்களுக்கு நடுவே, எதிர்காற்றில் புடவைத் தலைப்பு படபடக்க மிதித்தேன். ஒரு மாட்டு வண்டிக்காரர், "அம்மா, மெதுவாப் போங்க, விழுந்துடப் போறீங்க!" என்று கத்தினார். "விழுந்தாலும் பரவாயில்லீங்க!" என்று நானும் கத்தினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அடுத்து வந்த கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயம் பிறகு வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. வந்து பார்த்துவிட்டுப் போனது, குடியிருக்கவில்லை.

அரசலாற்றில் தண்ணீர் வந்த அன்று பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "தண்ணி வந்துடுச்சும்மா. என்னைக்கு வச்சுக்கலாம்?" என்றார்.

"வேணாம் ஐயா. அன்னைக்கே ஆயிடுச்சு."

அவர் வாசலில் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஸ்தோத்திரம்" என்றார். அது ஜெபமா பெருமூச்சா தெரியவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது. இந்த ரெண்டு மாசமா ஆத்து ஆழத்தை நினைச்சு எனக்குச் சோறு இறங்கல."

உள்ளேயிருந்து அப்பா பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டில் வறுத்த மீனோடு வெளியே வந்து, "முதல்ல சாப்பிடுங்க பாஸ்டர்" என்றார்.