கமலம்மா லிங்க்கைத் திறப்பதற்குள்...

இந்தச் சம்பவத்தை ஐந்து மாதமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நம்ப முடிகிறதா? காற்றில் குடை திருப்பிக்கொண்டதைக்கூட மறுவாரமே இந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிற ஆள் நான். "உன்கிட்ட சொல்றதும் கோயில் மைக்ல சொல்றதும் ஒன்னுதான்" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட நான் ஐந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். போன வாரம்தான் எழுத அனுமதி கிடைத்தது. அதனால் மூச்சுவிடாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலையில் சரோஜா ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். மூன்றே அறை. முன்பு தோட்ட ஆபீசில் பல வருடம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். கணவர் மணியம் காய்கறி லோரி ஓட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு முறையாவது நான் ஈப்போவிலிருந்து அங்கே ஓடிவிடுவேன். காலையில் சரோஜா எங்களைத் தேயிலைச் சரிவுக்குள் நடக்கக் கூட்டிப்போவார். போகிற வழியெல்லாம் படம் எடுப்பார். அவர் எடுத்தால் மட்டும்தான் எனக்கு ஒரே தாடை தெரியும்!

அந்தப் படங்களையெல்லாம் கிளவுடில் ஒரு ஃபோல்டரில் போட்டு, மறுநாள் காலை லிங்க்கை அந்த நாள் விருந்தினர் குரூப்பில் அனுப்பிவிடுவார். பணம் கொடுத்து விளம்பரம் செய்யாமலே அவருடைய ஹோம்ஸ்டே நிரம்புவது அந்தப் படங்களால்தான்.

அந்த முறை என்னோடு நடந்தவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு தம்பதி; அப்புறம் கிள்ளான் குடும்பம் ஒன்று... பிரியா, அவள் கணவன், மாமியார் கமலம்மா. கமலம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. நாலு செடிக்கு ஒரு தரம் நின்று, "இங்க ஒன்னு எடு மா, பின்னாடி மலை வரணும்" என்பார். பிரியாதான் பின்தங்கிப் பின்தங்கி வந்தாள். சரோஜா அவள் கையை விடவே இல்லை. மற்றவர்களைக் குறுக்குப் பாதையில் ஏறச் சொல்லிவிட்டு அவளைச் சுற்றுப் பாதையில் கூட்டிவந்தார்.

எனக்கு எரிச்சல். முப்பது வயதில் இப்படியா மூச்சு வாங்கும்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பே இல்லை என்று, நடந்துகொண்டே மனசுக்குள் பாதிப் பத்தியை எழுதிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. எட்டு மணிக்குக் கிள்ளான் குடும்பம் கிளம்பித் தாப்பா சாலையில் இறங்கியது. சரோஜா புதிதாக வந்தவர்களோடு தோட்டத்துக்குள் போய்விட்டார். பட்டர்வொர்த் தம்பதி போர்வைக்குள். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே போனைப் பார்த்தேன். சரோஜாவின் லிங்க் வந்திருந்தது. தோட்டத்து முனையில் போன் லைன் போவதற்கு முன்னால் தட்டிவிட்டிருக்கிறார்.

திறந்தேன். என்னுடைய ஒற்றைத் தாடையைத் தேடினேன். ஆனால் முதலில் வந்தது என் ஐசி, அறை கொடுக்கும்போது சரோஜா படம் எடுத்துக்கொண்ட அடையாள அட்டை. முன்பக்கம், பின்பக்கம், வீட்டு முகவரி, எல்லாம். அடுத்தது பட்டர்வொர்த்காரரின் ஐசி. ஐம்பத்திரண்டு என்று எங்களிடம் சொன்ன மனிதர்... சரி, அதை விடுவோம். அதற்கும் கீழே, நடப்பதற்கு முன் சரோஜா எங்களிடம் எழுதி வாங்கும் தாள்களின் படங்கள். உடம்புக்கு ஏதாவது உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும் என்று கேட்கும் தாள்.

பிரியாவின் தாளில் நீல மையில் நாலு வரி இருந்தது.

"ரெண்டு மாசம். இதுக்கு முன்ன ரெண்டு தடவ தங்கல. மேடு அதிகம் வேணாம் அக்கா. அத்தைக்குத் தெரியாது, பிளீஸ் சொல்லிடாதீங்க."

படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். மனசுக்குள் எழுதிய அந்தப் பாதிப் பத்தியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இதே லிங்க் கமலம்மாவின் போனுக்கும் போயிருக்கிறது. குரூப்பில் இருக்கிற எல்லாரையும்விடப் படத்துக்கு ஆலாய்ப் பறப்பவர் அவர்தான்!

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கும் வளைவுகளில் பாதிக்கு மேல் லைன் கிடையாது. இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். தாப்பாவைத் தொட்டதும் கமலம்மாவின் போன் மணியடிக்கும். நான் பார்த்தபோது மணி எட்டரை. கையில் இருந்தது அரை மணிதான்.

சரோஜாவுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிரியாவுக்கு அடித்தேன். அவளும் அப்படித்தான். குரூப்பில் 'யாரும் திறக்காதீர்கள்' என்று எழுதலாமா என்று விரல் போனது. நல்லவேளை, நிறுத்தினேன். அப்படி எழுதினால் திறக்காமல் இருக்கிற மனிதர் இந்த உலகத்தில் உண்டா? நானாக இருந்தால் இரண்டு தடவை திறப்பேன்.

வாசலில் மணியம் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மணியம், சரோஜாவோட ஃபோல்டரைப் பூட்டணும். வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

"எல்லாம் அவ போன்லதாங்கா. ஏன், என்னா ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். சரோஜாகிட்ட என்னை இப்பவே கூட்டிட்டுப் போங்க."

மணியத்திடம் எனக்குப் பிடித்தது இதுதான். மறுகேள்வி கேட்கவில்லை. "லோரி வேணாங்கா. ஞாயித்துக்கிழம, மேல கார் ஜாம். மோட்டார்ல ஏறுங்க" என்றார்.

ஐம்பத்தெட்டு வயதில், முட்டி வலியோடு, கடன் வாங்கிய ஹெல்மெட்டோடு நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து தேயிலைத் தோட்டத்துக்குள் பறந்தேன். சுற்றுலாக் கார்கள் வரிசையாக நின்றன. மணியம் அவற்றுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் விட்டார். "கெட்டியா புடிச்சுக்குங்கக்கா, பயப்படாதீங்க" என்றார். பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்... அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

சரிவின் உச்சியில் சரோஜா, கொழுந்து எப்படிக் கிள்ளுவது என்று ஆறு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மேலே ஓடி, மூச்சு வாங்க அவர் காதில் இரண்டே வார்த்தை சொன்னேன். "பிரியா தாள்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே போனை எடுத்தார். லைன் இல்லை.

"கோயில் வளைவுலதாங்கா லைன் இருக்கு." விருந்தினரை மணியத்திடம் ஒப்படைத்தார். மோட்டார் சாவியைப் பிடுங்கினார். இந்த முறை ஓட்டியது சரோஜா. மணியம் எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தோட்டத்துக் கோயிலுக்கு எதிரே ஒரு வளைவு. அங்கேதான் இரண்டு கோடு லைன் வரும். வெளிநாட்டுத் தொழிலாளர் இருவர் ஊருக்குப் பேசிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் வந்த வேகத்தைப் பார்த்து இடம்விட்டு ஒதுங்கினார்கள். மணி எட்டு ஐம்பத்தெட்டு.

"மொத்தமா அழிச்சிடவாக்கா?" சரோஜா ஃபோல்டரை அழுத்திப் பிடித்தார்.

"அழிக்காதே. படமெல்லாம் போயிடும். ஷேர்ல போ. யார் யார் பாக்கலாம்னு இருக்கும், பாரு."

இருந்தது. 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இத்தனை வருடமாக அவர் அந்த வரியைப் படித்ததே இல்லை. அதை மாற்றி, அவர் மட்டும் பார்க்கும்படி அழுத்தினார். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிறது... சுற்றுகிறது... ஒரு கோடு லைன் போய்விட்டது. சரோஜா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவரைவிட உயரமாக இருந்த அந்தத் தொழிலாளரில் ஒருவர், ஒன்றும் புரியாமலே போனை வாங்கி இன்னும் மேலே தூக்கினார்.

மாறிவிட்டது.

குரூப்பில் இருந்த லிங்க்கையும் எல்லாருக்குமாக அழித்தோம். அப்பாடா என்று மூச்சுவிடப் போனேன். போன் டிங் என்றது.

ஃபோல்டரைப் பார்க்க ஒருவர் அனுமதி கேட்கிறார். பெயர்: கமலம்மா. கூடவே ஒரு வரி. "போட்டோ ஓப்பன் ஆவல. சீக்கிரம் பாத்து அனுப்பு மா."

தாப்பாவுக்கு அவர்கள் எங்கள் கணக்கைவிட முன்னதாகவே வந்துவிட்டார்கள். நாங்கள் பூட்டிய பிறகு, லிங்க்கை அழிப்பதற்கு முன்னால் இருந்த அந்தச் சில நொடியில் கமலம்மா அதைத் தட்டியிருக்கிறார். நான் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சரோஜா அங்கேயே கீழே உட்கார்ந்து அழுதார்.

"ஏன் சரோ, எல்லாத்தையும் ஒன்னாப் போட்டு வச்சே?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஆபீஸ்ல அப்படித்தாங்கா. செக்ரோல்ல, அதான் பேர்ப் பதிவு புக்குல, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அன்னிக்கு யார் வந்தா, யாருக்கு உடம்பு முடியல, எல்லாம் அதே பக்கத்துலதான். நானும் ஒரு நாளைக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன்."

யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சுத்தமான கிராணி வேலை அது. ஆனால் அந்த செக்ரோல் புத்தகம் ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய் யாரும் ஊருக்குக் காட்ட மாட்டார்கள். இங்கே லிங்க் அனுப்பும்போது பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அன்று மதியம் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். படங்களுக்குத் தனி ஃபோல்டர், வெளியே போவது அது ஒன்றுதான். தாள்கள் சரோஜா மட்டும் திறக்கும் இடத்துக்குப் போயின. அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் ஐசி படங்களை அழித்தோம், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தோம். பாஸ்வேர்டை மாற்றலாம், பழையது என்ன என்று கேட்டேன். சரோஜா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மணியம் ராகம் போட்டுச் சொன்னார். அவருடைய லோரி நம்பர்! மலை முழுக்க அந்த லோரி ஓடுகிறது. அதையும் மாற்றி, புதிதாக யாராவது நுழைந்தால் சரோஜாவின் போனில் கேட்டுவிட்டுத்தான் விடவேண்டும் என்று வைத்தோம்.

"சின்ன யாவாரம்கா. என்கிட்ட திருட என்னா இருக்குன்னு நெனச்சிட்டேன்" என்றார் சரோஜா.

உங்களில் தையல் கடை, டியூஷன், கேட்டரிங் நடத்துகிறவர்களும் இதையேதான் சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நம்மிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடையது இருக்கிறதே?

அதற்கப்புறம் ஒரு சண்டை. பிரியாவிடம் சொல்லிவிடப் போவதாகச் சரோஜா சொன்னார். எதற்கு, கமலம்மா பார்க்கவில்லையே, வீணாக அந்தப் பெண்ணைக் கலங்கடிப்பானேன் என்று நான் கத்தினேன். அவர் அசையவில்லை. "அவங்க என்னைய நம்பி எழுதுனாங்க. தெறந்து கெடந்தது அவங்களுக்குத் தெரியணும்லா. அவங்களுக்கு மட்டும் இல்ல, ஐசி குடுத்த எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். சாயங்காலம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தார். நான் தோற்றுவிட்டேன். தோற்றதில் சந்தோஷம்தான்.

பிரியா, "சொன்னதுக்கு தேங்க்ஸ்கா. அத்தை கெட்டவங்க இல்ல. போன தடவ சந்தோஷத்துல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து துக்கம் கேட்டாங்க... அதுதான் தாங்க முடியல" என்றாள்.

நான் போனை வாங்கினேன். "நானும் படிச்சிட்டேன்மா" என்றேன்.

"அய்யோ, நீங்க பேப்பர்ல எழுதுறவங்களாச்சே."

"நீயா சொல்ற வரைக்கும் எழுத மாட்டேன்."

இதோ, காப்பாற்றிவிட்டேன். மூன்று மாதம் முடிந்ததும் பிரியாவே கமலம்மாவிடம் சொன்னாளாம். கமலம்மா அழுதாராம். அதன் பிறகு ஒரு ஈ காக்கையிடம்கூட வாய் திறக்கவில்லையாம், ஏழாம் மாதம் வரை! போன வாரம் கிள்ளானில் வளைகாப்பு. நானும் சரோஜாவும் போயிருந்தோம். வளையல் அடுக்கிய கையோடு பிரியா என் காதில், "இப்ப எழுதிக்கலாம்கா, பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். மற்றவர்கள் பெயரையும்தான்.

நேற்றுக் காலை கமலம்மா எல்லாருக்கும் வளைகாப்புப் படங்களின் லிங்க் அனுப்பியிருந்தார். ஆசையாகத் திறந்தேன். பிரியாவின் படங்கள்... அவற்றுக்கு நடுவே கமலம்மாவின் சொந்த ஃபோல்டர் ஒன்று, ஒரு பூட்டும் இல்லாமல்.

உடனே கூப்பிட்டேன். இந்த முறை லைன் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அதை எழுத கமலம்மா இன்னும் அனுமதி தரவில்லை.